தொடாமலே வெடித்தது, இழுத்தும் வெடிக்கவில்லை

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பாடசாலை ஒன்றின் இல்ல மெய்வல்லுநர் போட்டியில், இருபது வயதுக்குட்பட்ட ஆண்களுக்கான 100 மீற்றர் இறுதி ஓட்டம் ஒரே பிற்பகலில் இரண்டு தடவை கெட்டது. முதல் தடவை, தொடக்குநரின் விரல் விசையில் படாதிருந்தபோதே ரிவோல்வர் வெடித்தது. இரண்டாம் தடவை விசையைக் கடைசிவரை இழுத்தும் வெடிக்கவில்லை. ஒன்றுக்கொன்று நேரெதிரான இந்த இரண்டு பிழைகளும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. போட்டிக்கு ஐந்து வாரங்களுக்கு முன் அந்த ரிவோல்வரின் விசையை மாற்றியிருந்தோம். மாற்றச் சொன்னவர்களில் முதல் ஆள் நான்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. தொடக்குநராக நின்ற உடற்கல்வி ரீச்சர் வேண்டுமென்றே முந்தி வெடித்தார் என்ற பேச்சு ஊரில் இன்னும் அடங்கவில்லை. அவர் வீடு மருதம் இல்லத்துப் பிள்ளைகள் அதிகமாக வரும் பக்கத்தில் இருக்கிறது. அன்று முதலில் ஓடி முடித்ததும் மருதத்துப் பையன். கணக்கு அவ்வளவுதான், மீதியை வேலியோரத்தில் நின்றவர்கள் கூட்டிக்கொண்டார்கள்.

அன்றைய ஓட்டம்

மாரி ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கிய மாசி மாதம். மைதானத்தின் மேற்கு மூலையில் இன்னும் ஈரம் இருந்தது. சுண்ணாம்புக் கோடு அங்கே மட்டும் கரைந்து மங்கியிருந்தது. ஆறு பாதைகள், ஆறு பையன்கள். நான் ஓய்வுபெற்றுவிட்டாலும் பிரதம தொடக்குநர் என்ற மரியாதைப் பதவியோடு, பிழையான புறப்பாடு நடந்தால் திருப்பி அழைக்க விசிலுடன் மூன்று மீற்றர் தள்ளி நின்றேன்.

ரீச்சருக்குச் சிறிய கை. ஆகவே அவர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் குதிரையை, அதாவது ரவையை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலை, பெருவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டுத்தான் கையை உயர்த்துவார். அன்று காலையிலிருந்து நாற்பத்தாறு ஓட்டங்களை அப்படியே தொடக்கியிருந்தார். நாற்பத்தேழாவதில் "ஒன் யுவர் மார்க்ஸ்" சொன்னார். பையன்கள் குந்தினார்கள். "செட்" என்ற சொல் வாயிலிருந்து வரும்போதே கை மேலே போய் முழங்கை நிமிர்ந்தது. அந்த நிமிர்வின் சிறு உதறலில் வெடி கேட்டது.

நான்கு பேர் பாய்ந்தார்கள். இரண்டு பேர், குறிஞ்சியிலிருந்து ஒருவனும் முல்லையிலிருந்து ஒருவனும், இடுப்பை இன்னும் உயர்த்தாததால் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் விசில் ஊதினேன். அதே நேரத்தில் மறுபக்கத்தில் பாண்ட் வாத்தியக் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் ஒருவர் நன்கொடை தந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். விசில் அந்தச் சந்தைக்குள் காணாமற் போனது. நால்வரும் முடிவுக் கோடு வரை ஓடினார்கள், மருதத்துப் பையன் மார்பால் நூலை அறுத்தான், அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். தூக்கியவனை இறக்கச் சொல்வது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் கண்டேன்.

ரீச்சர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டில் பயறளவு சிவப்பு, அதைச் சுற்றிக் கருமருந்துப் புள்ளிகள். "சேர், நான் தொடவில்லை" என்றார். இரண்டு தடவை சொன்னார். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி பக்கத்திலிருந்து தன் தம்பியைக் கைபேசியில் படம்பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காணொளியின் ஓரத்தில் ரீச்சரின் கை தெரிகிறது. மெதுவாக ஓட்டிப் பார்த்தால், புகை வரும் கணத்தில் சுட்டுவிரல் விசைக் காப்புக்கு வெளியே நீட்டியபடி இருக்கிறது. இதை அதிபரும் இல்லப் பொறுப்பாசிரியர்கள் மூவரும் அன்றே பார்த்தார்கள். வேலியோரத்துக்குக் காட்டுவதற்கு வழியில்லை.

இருபத்தைந்து நிமிடங்களுக்குப் பிறகு மீள்ஓட்டம். ரீச்சர் ரிவோல்வரைத் தொட மறுத்துவிட்டார், நான் வாங்கிக்கொண்டேன். குதிரையை முன்கூட்டி இழுத்து வைக்கும் வேலையே வேண்டாம், விசையை ஒரே இழுப்பாக இழுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். "செட்" சொன்னேன், இழுத்தேன். 'டிக்' என்று ஓர் ஓசை, அவ்வளவுதான். ஒருவன் முன்னே சரிந்து கையை ஊன்றினான், மற்றவர்கள் எழுந்து என்னைப் பார்த்தார்கள். மூன்றாம் முறை கொடியும் விசிலும் கொண்டு தொடக்கினோம். குறிஞ்சிப் பையன் வென்றான். நேரம் பதியவில்லை.

அந்த ரிவோல்வர்

இது சுடும் ஆயுதம் இல்லை, ஓசைக்கான கருவி. குழல் அடைக்கப்பட்டது, வெடிக்கும் வாயு மேற்பக்கத் துளையால் வெளியேறும். உள்ளே போவது ஈயக் குண்டு இல்லாத, ஓசை மட்டும் தரும் ஆறு மில்லிமீற்றர் வெற்று ரவை. ஆனால் உள்ளுறுப்புகளின் தருக்கம் உண்மையான ரிவோல்வரின் தருக்கமே. வெற்று ரவை என்பதால் அலட்சியம் செய்வோருக்கு ஒரு செய்தி: 1984 இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர் ஜோன் எரிக் ஹெக்சம் படப்பிடிப்புத் தளத்தில் விளையாட்டாக வெற்று ரவை போட்ட ரிவோல்வரைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து இழுத்து உயிரிழந்தார். வாயுவே போதுமானதாக இருந்தது.

ரிவோல்வரின் விசைக்கு இரண்டு வேலைகள் உண்டு. 1836 இல் அமெரிக்காவின் சாமுவேல் கோல்ட் காப்புரிமை பெற்ற வகையில் குதிரையைப் பெருவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும்; விசை அதை விடுவிக்க மட்டும் செய்யும். 1851 இல் இங்கிலாந்தின் ராபர்ட் அடம்ஸ் கொண்டுவந்த வகையில் குதிரைக்குப் பெருவிரல் பிடியே கிடையாது. விசையை இழுக்க இழுக்க ரவைகள் இருக்கும் உருளை சுழன்று, குதிரை எழுந்து, தானே விழும். பின்னால் வந்தவை இரண்டையும் சேர்த்துக்கொண்டன. எங்கள் ரிவோல்வரும் அந்தச் சேர்க்கை வகைதான். முதல் வழியில் இழுப்பு இலகு, தூரம் குறைவு. இரண்டாம் வழியில் இழுப்பு கனம், தூரம் நீளம், ஏனென்றால் உருளையைத் திருப்புவதும் குதிரையின் சுருள்வில்லை அழுத்துவதும் அந்த ஒரு விரலின் தலையில் விழுகிறது. உண்மையான ரிவோல்வர்களில் இந்தக் கனம் பொதுவாகப் பத்து, பன்னிரண்டு இறாத்தல் இருக்கும். நியூயோர்க் பொலிஸார் ரிவோல்வரை விட்டு மாறியபோதுகூடப் புதிய கைத்துப்பாக்கிகளுக்குப் பன்னிரண்டு இறாத்தல் விசையைக் கேட்டு வாங்கினார்கள். கனமான விசையைக் குறையென்று நினைத்த எங்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

போர்க்காலம் முழுவதும் இது வெளியே வந்ததே இல்லை. சோதனைச் சாவடிக்குச் சாவடி பை திறக்கும் வீதியில் ரிவோல்வர் வடிவிலான ஒன்றை எந்த ஆசிரியர் சுமப்பார்? மரக்கட்டைகளை அடித்து ஓட்டம் தொடக்கிய ஆண்டுகள் அவை. ரிவோல்வர் இரும்பு அலுமாரியில் கிடந்தது. பின்னாளில் எடுத்தபோது துரு இல்லை என்று மகிழ்ந்தோம். துருப்பிடிக்காததற்குக் காரணம் அது இரும்பே இல்லை என்பது அப்போது எவருக்கும் தோன்றவில்லை.

உடைந்ததும் மாற்றியதும்

போட்டிக்கு முந்திய மாதம் ஒத்திகையில் அது கைதவறிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. விசை அதன் மெல்லிய கழுத்தில் முறிந்தது. புதியது வாங்க விலைப்பட்டியல், அனுமதி, கொழும்பு என்று நீளும். ஆகவே மணிக்கூடும் தையல் இயந்திரமும் திருத்தும் ஓர் அண்ணனிடம் கொண்டுபோனோம். கைத்திறன் உள்ள மனிதர். தனக்கு முதலில் தயக்கம் இருந்ததைச் சொன்னார்; அடைத்த குழலைக் காட்டிய பிறகே வாங்கினார். லொறியின் வில்லுத் தகட்டுத் துண்டிலிருந்து அரத்தாலேயே அராவி ஒரு விசையைச் செய்துவிட்டார். கருநீலப் பளபளப்போடு, பழையதைவிட அழகாக இருந்தது.

அத்தோடு விட்டிருக்க வேண்டும். "இழுப்பு கனமாக இருக்கிறது, ரீச்சருக்கு விரல் நோகிறது, கொஞ்சம் இலேசாக்கித் தாருங்கள்" என்று சொன்னது நான். அவர் சுருள்வில்லில் இரண்டு சுற்று குறைத்தார். ஒரு கிழமை கழித்து மறுபடி போய் "இன்னும் கொஞ்சம்" என்றேன். குதிரையில் விசை முனை தங்கும் வெட்டை நுண்ணிய மண்கடதாசியால் தேய்த்துக் கொடுத்தார். அதன்பின் விசை நெய் தடவியதுபோல் வழுகியது. ஆசிரியர் அறையில் எல்லோரும் வாங்கி ஒருமுறை 'டிக்' என்று இழுத்துப் பார்த்துப் பாராட்டினார்கள். ரவையில்லாமல் இழுத்த அந்த இழுப்புகள் எத்தனை நூறோ.

பிரித்துப் பார்த்தபோது

போட்டி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அதிபரின் கடிதத்தோடு ஆரையம்பதியில் உள்ள தட்டார் மாமாவிடம் போனேன். துப்பாக்கி பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. உலோகம் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு. ரீச்சரும் மணிக்கூடு அண்ணனும் வந்திருந்தார்கள். அண்ணன் வந்ததைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும், வராமலே இருந்திருக்கலாம்.

முதலில் கனத்தை அளந்தோம். மீன்காரரின் கொக்கித் தராசைக் கடன் வாங்கி விசையில் மாட்டி மெதுவாக இழுத்தோம். குதிரையை முன்கூட்டி இழுத்து வைத்த நிலையில் அது விடுபடும் அளவைத் தராசால் வாசிக்கவே முடியவில்லை. முள் அசையும் முன்பே குதிரை விழுந்தது. பிறகு சீனிப் பொதிகளைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்ததில் முந்நூறு கிராமுக்குள் விழுந்தது. ஐந்து தடவை செய்ததில் ஒரு தடவை எதையும் கட்டாமலே, மேசையில் வைத்த அதிர்விலேயே விழுந்தது. ரீச்சர் எதுவும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

பிரித்ததும் மாமா குதிரையைக் கையில் நிறுத்துப் பார்த்தார், நகத்தால் கீறினார், பிறகு உரைகல்லை எடுக்காமலே சொன்னார்: "மருமகன், இது உருக்கு இல்லை. நாகம். வார்த்த நாகம்." துத்தநாகத்தைத்தான் அப்படிச் சொன்னார். அவர் சொன்னது சரி. விலை குறைந்த தொடக்க ரிவோல்வர்கள் பெரும்பாலும் ஸாமாக் என்ற கலவையில் வார்க்கப்படுபவை. 1929 இல் நியூ ஜேர்சி ஸிங்க் நிறுவனம் உருவாக்கியது அது. நாகத்தோடு ஏறத்தாழ நான்கு வீதம் அலுமினியம், சிறிது மக்னீசியம், சில வகைகளில் செம்பு. பிள்ளைகளின் விளையாட்டுக் கார்களும் மோட்டார் சைக்கிள் காபரேற்றர்களும் இதில்தான் வார்க்கப்படுகின்றன. அச்சில் வார்க்கும்போது மேற்பரப்பு விரைவாக ஆறுவதால் அங்கே செறிவான ஒரு தோல் அமையும். அதைத் தேய்த்துவிட்டால் உள்ளே இருப்பது நுண்துளைகள் கொண்ட மெல்லுடல்.

மாமா தன் வில்லைக் கண்ணாடியை என்னிடம் தந்தார். குதிரையின் அடியில் இருந்த வெட்டைப் பார்த்தேன். ஒரு படிக்கட்டின் விளிம்புபோல் கூர்மையாக இருக்க வேண்டியது, பல ஆண்டுகள் ஆட்கள் ஏறிய கோயில் படிபோல் நடுவில் குழிந்து வெளிப்பக்கம் சரிந்திருந்தது. சரிவின் கீழே வெள்ளித் தூள்போல் நாகத் துகள் ஒட்டிக் கிடந்தது. விசையின் முனையைப் பார்த்தேன்: ஒரு கீறல்கூட இல்லை. லொறி வில்லுத் தகடு. ஆயிரம் தடவை இழுத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. எதிரே நிற்பதைத்தான் தின்னும்.

பழைய விசை நாகம், குதிரையும் நாகம். இரண்டும் ஒரே வேகத்தில் தேய்ந்திருக்கும், விசை முறியும் அளவுக்கு மெலிந்தபோதும் வெட்டு நின்றிருக்கும். நாங்கள் ஒரு பக்கத்தை உருக்காக்கினோம், மறுபக்கத்தின் தோலை உரித்தோம், பிறகு ஐந்து வாரம் ஆசிரியர் அறையில் 'டிக் டிக்' என்று அராவினோம். நாற்பத்தேழாவது ஓட்டத்தில் அந்தக் குதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு சரிவின் மேல் தங்கிய மயிரிழை. முழங்கை நிமிர்ந்த உதறல் போதுமாக இருந்தது. ரீச்சரின் விரலைப் பற்றிய வழக்கு என்னளவில் அங்கே முடிந்தது.

உண்மையான நவீன ரிவோல்வராக இருந்திருந்தால் குதிரை வழுகினாலும் வெடித்திருக்காது. 1944 இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்றின் தளத்தில் விழுந்த ஸ்மித் அன்ட் வெசன் ரிவோல்வர் வெடித்து மாலுமி ஒருவர் இறந்தார். அதன்பின் அந்த நிறுவனம் விசை பின்னுக்கு இழுபட்டிருந்தாலொழியக் குதிரையை ரவைக்கு எட்டவிடாத தடுப்பைத் திருத்தியமைத்தது. எங்கள் ஓசைக் கருவியில் அப்படியொரு தடுப்பு கிடையாது. வெட்டு ஒன்றே எல்லாமாக இருந்தது; அதைத்தான் தேய்த்தோம்.

இழுத்தும் வெடிக்காதது

இதை அண்ணனே கண்டுபிடித்தார். தான் செய்த விசையையும் முறிந்த பழைய துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, விசையைச் சட்டகத்தோடு பிணைக்கும் ஊசி போகும் துளையை வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு துளைகளும் நேராக வரவில்லை. அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த விலகல். "என் கைதான்" என்றார். முறிந்த துண்டை ஒட்டவைத்து அளவெடுத்ததில், முறிந்த வாயில் உதிர்ந்துபோன பகுதி கணக்கில் வரவில்லை.

விசையோடு இணைந்த சிறு நகம் ஒன்றுதான் உருளையைத் தள்ளி அடுத்த அறையைக் குதிரைக்கு நேரே கொண்டுவரும். துளை விலகியதால் நகம் முழுதாகத் தள்ளும் முன்பே குதிரை விடுபட்டது. பெருவிரலால் குதிரையை இழுத்தபோது கை ஓட்டத்தில் உருளை மிச்சத் தூரத்தையும் சுழன்றுகொண்டது. அதனால் ரீச்சரின் நாற்பத்தாறு ஓட்டங்களிலும் இது தெரியவில்லை. நான் விசையை மட்டும் மெதுவாக இழுத்தபோது தெரிந்தது. இந்த வகை ரவையில் தீப்பற்றும் கலவை அடிவிளிம்புக்குள் இருக்கிறது. குதிரை முனை விளிம்பில் பலமாகப் பதிய வேண்டும். வெடிக்காத ரவையை எடுத்துப் பார்த்தோம்: விளிம்பின் ஓரத்தில் ஆழமில்லாத ஒரு வழுக்கல் அடையாளம்.

ஆழமில்லாததற்கு வில் காரணம். சுருள்வில்லைச் சுற்றுக் குறைத்து வெட்டினால் வில் இளகிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் மிஞ்சும் வில் முன்னைவிட விறைப்பானது, ஏனென்றால் வளைவதற்குச் சுற்றுகள் குறைவு. குறைவது அதன் நீளம், அதாவது தொடக்கத்திலேயே அது அழுந்தியிருந்த அளவு. இழுப்பு விரலுக்கு இலேசாகத் தோன்றும். அடிக்கும் பலமும் அதே கணக்கில் போய்விடும்.

இத்தனைக்கும் நடுவில் மாமா ஒரு தடியால் சட்டகத்தின் உட்புறத்தைச் சுரண்டி என் முன்னால் வைத்தார். கறுப்பு மெழுகுபோல் ஒன்று. வெடிப்புகைக் கரியும், யாரோ பல காலம் விட்டுவந்த தேங்காயெண்ணெயும், வாவிக் காற்றின் ஈரமும். அதை மண்ணெண்ணெயில் கழுவி, பழைய நீளத்தில் ஒரு வில்லைப் போட்டு இழுத்தபோது, விசையின் கனம் நாங்கள் முதலில் முறையிட்ட கனத்தில் ஏறத்தாழ பாதியாக இருந்தது. ஆரம்பத்திலேயே ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் ஒரு பழைய பல்துலக்கியும் போதுமாக இருந்திருக்கும். அதைக் கேட்டு அண்ணன் சிரித்தார்; எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு

குதிரையைப் புதிதாகச் செய்யலாமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றோம். விசைக்குக் குதிரை, குதிரைக்கு ஊசி, ஊசிக்குச் சட்டகம் என்று உருக்கு ஒவ்வொன்றாக நாகத்தைத் தின்றுகொண்டே போகும். ரிவோல்வர் இப்போது உருளை கழற்றப்பட்டு, "பாவனைக்கு உதவாது" என்ற அட்டையோடு அதே இரும்பு அலுமாரியில் இருக்கிறது. வருடாந்தப் பொருட் கணக்கெடுப்பில் இன்னும் ஓர் எண்ணாக வருகிறது. மருதத்துக்கும் குறிஞ்சிக்கும் அந்த ஓட்டத்தின் புள்ளிகளை அதிபர் சமமாகப் பகிர்ந்தார். இரண்டு இல்லமும் ஒரே அளவு கோபப்பட்டன.

அடுத்த ஆண்டு மரக்கட்டைகளுக்குத் திரும்பினோம். உடனே நேரக் கணிப்பாளர்கள் முறையிட்டார்கள், அவர்கள் முறையீட்டில் நியாயம் இருந்தது. முடிவுக் கோட்டில் நிற்பவர் ஓசையைக் கேட்டு மணிக்கூட்டை அழுத்தினால் தாமதம்தான். எங்கள் வெயிலில் ஓசை 100 மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 0.29 வினாடி எடுக்கும். புகையைக் கண்டு அழுத்துவதுதான் முறை. கட்டையில் புகை ஏது?

ரீச்சர் கோடு போடும் சுண்ணாம்புத் தூளில் ஒரு கைப்பிடி எடுத்தார். கட்டைகள் இரண்டின் உட்பக்கத்திலும் அப்பினார். பின்னால் கரும்பலகை ஒன்றை ஒரு மாணவன் பிடித்துக்கொள்ள, கையைத் தலைக்கு மேலே தூக்கி அடித்தார். வெள்ளையாக ஒரு குடையளவு புகை எழுந்தது. நூறு மீற்றருக்கு அப்பால் ஆறு பேர் ஒன்றாக அழுத்தினார்கள். அன்று முழுவதும் அவர் தலைமயிர் நரைத்தவர்போல் வெளுத்திருந்தது.